மோட்டார்க்காரரின் இதய வைத்தியம்

தப்பு டாக்டரம்மா மேல்தான் என்று டீச்சர் இன்றைக்கும் சொல்வாள். மாரடைப்பு வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, பிழைத்து எழுந்து உட்கார்ந்த மனிதருக்கு நோயைப் பற்றி எளிமையாக விளக்க வேண்டும் என்று அந்த நல்ல பெண் நினைத்தது சரி. "ஐயா, ஹார்ட்டுங்கிறது ஒரு பம்பு மாதிரி" என்று ஆரம்பித்ததும்கூட சரியாகவே இருந்திருக்கும், எதிரே ஒரு பஸ் கண்டக்டரோ கிளார்க்கோ உட்கார்ந்திருந்தால். உட்கார்ந்திருந்தவரோ முப்பது வருஷமாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர்.

பம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் மோட்டார்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் டாக்டரம்மா சொன்ன எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. அடைப்பு ஏற்பட்ட நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி கெட்டுப்போய்விட்டது, அது திரும்ப வராது, அதனால் இதயம் முன்பு போல ரத்தத்தைத் தள்ளாது, தள்ள முடியாமல் போனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்கும் என்றெல்லாம் அவள் பொறுமையாகச் சொன்னாள். தேங்குகிற நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் பள்ளம் விழுந்து அப்படியே நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வந்துவிட வேண்டும். இவ்வளவையும் கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். கட்டின புருஷன் உட்பட எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளைப் பிரித்து வைத்ததும் விசாரணை தொடங்கியது.

"டீச்சர், இந்த மாத்திரை எதுக்கு?"

"உடம்புல தேங்குற தண்ணிய வெளியேத்துறதுக்கு."

"பம்பு வீக்கா இருக்கு, சரியா இழுக்க மாட்டேங்குது. அப்ப லைன்ல தண்ணி கூடணுமா, குறையணுமா?"

"குறையணும்னுதான் டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர் இதுவரைக்கும் எத்தனை பம்பு பிரிச்சிருக்காங்க?"

டீச்சர் மாத்திரை அட்டைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். இப்படி எதையும் தன் வெற்றியாக எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் சூடாகி உள்ளே சுற்றியிருக்கும் செம்புக்கம்பி புகைந்துவிடும். பம்பு இழுக்காவிட்டால் முதல் வேலையாக மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே பிடித்திருக்கும் காற்று வெளியேறி, பம்பு 'கப்'பென்று பிடித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பிரைமிங். இந்தச் சாதாரண விஷயம் தெரியாமல் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சி வெளியே விட மாத்திரை எழுதிக் கொடுப்பவர்களை என்னவென்று சொல்வது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மற்ற மாத்திரைகளைப் போனால் போகிறதென்று ஏற்றுக்கொண்டார், அவற்றுக்கும் பம்புக்கும் சம்பந்தம் எதுவும் அவருக்குத் தென்படாததால். நீர் மாத்திரையை மட்டும் குப்பையில் போடச் சொல்லிவிட்டார்.

டீச்சர் போடவில்லை. ஆனால் போட்டுவிட்டதாகச் சொன்னாள். சில நாளிலேயே அவருடைய செருப்பு வார் காலில் பதிந்து தடம் விழ ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் விரிசல் பார்ப்பது போல மூச்சு வாங்கினார். டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சினாள், கோபப்பட்டாள், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். அடியில் இருக்கிற வால்வு சரியாகப் பிடிக்காததால் தண்ணீர் மேலே ஏறாமல் கீழேயே நிற்கிறது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்துப் பிரைமிங் பண்ணினால் சரியாகிவிடும் என்று அவர் அடித்துச் சொன்னார். காது என்பது கண்ணாடி மாட்டுவதற்காக மட்டும் படைக்கப்பட்ட ஆண்கள் சிலர் உண்டு.

அவர் அப்படிச் சொன்ன மறுநாள் காலை டீச்சர் சமையல்கட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கரண்டியின் பின்பக்கத்தால் மாத்திரையை நசுக்கிப் பொடியாக்கிக் காபியில் போட்டுக் கலக்கினாள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைப் போல நொடிக்கொரு தரம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் அந்தப் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்தவள் அவள்.

காபியைக் குடித்த மோட்டார்க்காரர் முற்பகல் முழுவதும் பாத்ரூமுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். நாலைந்து நாளில் கால் வற்றியது, படியில் நிற்காமல் ஏறினார்.

"பாத்தியா? காத்தெல்லாம் வெளிய போய் லைன் கிளியர் ஆயிடுச்சு. பிரைமிங்னா சும்மாவா?"

"ஆமாங்க" என்றாள் டீச்சர்.

உண்மையைச் சொன்னால் அவர் அதற்கப்புறம் அவள் கையால் காபியென்ன, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மாத்திரை நின்றுபோகும், காலில் நீர் கோக்கும், அப்புறம் நெஞ்சுக்குள் கோக்கும். ஒரு பொய்யில் புருஷன் நடமாடுகிறார் என்றால் அந்தப் பொய் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இன்னொரு நல்ல காலம், தண்ணீர் விஷயத்தில் அவர் வெறும் வாய்ச்சொல் வீரர். காலையில் ஒரு சொம்பைப் பெருமையாக அண்ணாந்து குடிப்பார். பட்டறைக்குப் போய் வேலையில் மூழ்கினால் தாகமே மறந்துபோகும். ஊருக்கு வைத்தியம் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி அதைத் தாங்கள் செய்யாததால்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

பொய் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மோட்டார்க்காரர் தினமும் காலையில் பூங்காவில் நடக்கப் போவார். அங்கே இவரைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர்கள் சில பேர் ஒரு பெஞ்சில் கூடுவார்கள். யாருக்கு எத்தனை அடைப்பு, யாருக்கு எந்தக் குழாயில் என்பதெல்லாம் அங்கே பட்டம் பதவி மாதிரி. அடைப்பு அதிகம் உள்ளவருக்குப் பெஞ்சின் நடுவில் இடம். மோட்டார்க்காரருக்கு ஒரே ஒரு அடைப்பு என்பதால் முதலில் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். பிரைமிங் தத்துவம் வந்த பிறகு நடுவுக்கு வந்துவிட்டார். கால்சட்டையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டி, மாத்திரை இல்லாமல் இது எப்படி வற்றியது என்று விளக்குவார். எல்லோரும் அதிசயித்துத் தலையாட்டிவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய் ஒழுங்காக மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் தையற்காரர், மோட்டார்க்காரருக்குப் பால்ய சிநேகிதர். அவருக்கும் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, அதே டாக்டரம்மா அதே நீர் மாத்திரையை எழுதியிருந்தாள். மனைவி போய்ப் பல வருஷமாகிறது. பிள்ளைகுட்டி இல்லை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளவு என்றால் அளவுதான் அவருக்கு, நூல் பிசகாது. நண்பன் சொன்னதைக் கேட்டு மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினார். பெரிய பாட்டில் ஒன்றை எடுத்து, டேப்பால் அளந்து, துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் கோடுகள் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நேரம். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மருந்து குடிப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துத் தீர்த்தார்.

ஒரு நாள் தலையணை உறை தைத்து வாங்குவதற்காக டீச்சர் கடைக்குப் போனாள். மோட்டார்க்காரரும் கூட வந்தார். தையற்காரர் வெறுங்காலோடு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு தையல் ஓட்டுவார், நிறுத்துவார், மூச்சு வாங்குவார், மறுபடி மிதிப்பார். செருப்பு எங்கே என்று டீச்சர் கேட்டாள்.

"நுழைய மாட்டேங்குது தங்கச்சி. பழசாச்சுல்ல, சுருங்கிப்போச்சு போல."

டீச்சர் குனிந்து பார்த்தாள். மிதிகட்டையின் விளிம்பு பட்ட இடத்தில் பாதத்தில் பள்ளம் விழுந்து, காலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

"அண்ணா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே."

"அதான் நான் ஒருத்தன் இருக்கேனே" என்றார் மோட்டார்க்காரர். "இது அடிவால்வு விவகாரம். எனக்கும் வந்துச்சு. இன்னும் ரெண்டு கோடு சேத்துக் குடிடா, பம்பு பிடிச்சுக்கும்."

தையற்காரர் உடனே சாக்கட்டியை எடுத்துப் பாட்டிலில் இன்னும் இரண்டு கோடு போட்டார். பட்டறையிலிருந்து போன் வர, மோட்டார்க்காரர் பேசிக்கொண்டே தெருவுக்கு இறங்கினார். இதுதான் சமயம் என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, அவர் பேச்சைக் கேக்காதீங்க. அந்த மாத்திரையை இன்னைக்கே போடுங்க."

தையற்காரர் சிரித்தார். சிரிப்பிலும் இளைப்பு இருந்தது.

"ஏன் தங்கச்சி, உன் வீட்டுக்காரன் மாத்திரை இல்லாம குத்துக்கல்லு மாதிரி நிக்கிறானே. கண்ணால பாக்குறேன். அதைவிடவா?"

காபி ரகசியம் அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இவர் மறைக்க மாட்டார். நண்பனிடம் இவர் எதையும் மறைத்ததே கிடையாது. சாயங்காலத்துக்குள் வீட்டில் பூகம்பம் வெடிக்கும், காபி நின்றுவிடும். இவரைக் காப்பாற்றினால் அவர் போவார், அவரைக் காப்பாற்றினால் இவர் போவார் என்று ஒரு கணக்கு டீச்சரின் மனதுக்குள் ஓடியது. கணக்குப் போட்டுப் பழகியவர்களிடம் இது ஒரு வியாதி, எதையும் இரண்டு பக்கமும் எழுதிச் சமப்படுத்தப் பார்ப்பார்கள். அவள் மென்று விழுங்கிக்கொண்டிருக்கையிலேயே மோட்டார்க்காரர் படியேறி வந்துவிட்டார். அவள் உறையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். நாளைக்குத் தனியாக வந்து எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் போன் செய்தார். தையற்காரர் படுக்கவே முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றாம். அன்றைக்கு டீச்சர் காபி கலக்கினபோது பாதி கீழே சிந்தியது.

அவசர சிகிச்சை அறையில் தையற்காரரை முதுகுக்குத் தலையணைகள் முட்டுக்கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முகத்தில் மாஸ்க். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் வெளியில் கேட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நுரையீரல் பூரா தண்ணி. ஐயா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

தையற்காரர் நண்பனைப் பார்த்தார். அப்புறம் மாஸ்க்குக்குள் மெதுவாக ஆமாம் என்று தலையாட்டினார். மோட்டார்க்காரர் ஆக்சிஜன் குழாய் சுவரில் சேருகிற இணைப்பை உன்னிப்பாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அந்த இணைப்பில் ஒரு குறையும் இல்லை.

"மாத்திரை சாப்பிட்டும் இவ்வளவு தண்ணின்னா, ஹார்ட் இன்னும் பலவீனமாயிருக்கணும், இல்ல ஸ்டென்ட் அடைச்சிருக்கணும்" என்றாள் டாக்டரம்மா. "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மறுபடி குழாய் விட்டுப் பாக்கணும். இந்த மூச்சோட அதைத் தாங்குவாரான்னு எனக்குப் பயமா இருக்கு. வேற வழி தெரியல."

டீச்சர் தையற்காரரைப் பார்த்தாள். மனிதர் நண்பனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தன் உயிரைக் கொடுக்கத் துணிந்துவிட்டார். தன் புருஷனோ குழாயை விட்டுக் கண்ணை எடுப்பதாக இல்லை.

"அவர் சாப்பிடலை டாக்டர்" என்றாள். "நீர் மாத்திரையை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. தண்ணியும் பாட்டில் பாட்டிலா குடிச்சிருக்கார்."

டாக்டரம்மா யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டாள். அறையில் இருந்த எல்லோருடைய பார்வையும் எங்கே போயிற்றோ, அங்கே மோட்டார்க்காரர் நின்றிருந்தார். அவமானம் முகத்தில் ஏறினால் சிலருக்குத் தலை குனியும், சிலருக்கு வாய் நீளும். அவருக்கு வாய்.

"நான்தான் சொன்னேன். அதனால ஒண்ணும் வந்திருக்காது. நானும்தான் அந்த மாத்திரையை நிறுத்திட்டேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றவர் கால்சட்டையைத் தூக்கி, நர்ஸ் உட்காருகிற ஸ்டூலின் மேல் காலை வைத்தார். "அழுத்திப் பாருங்க. பள்ளம் விழுதான்னு பாருங்க."

டாக்டரம்மா அழுத்தியே பார்த்தாள். பள்ளம் விழவில்லை. அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. படித்த படிப்பின் மேல் ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்ததை டீச்சர் கண்டாள். தன் பொய் இப்போது டாக்டரையே நம்பவைக்கப் பார்க்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அவரும் தினமும் சாப்பிடறார் டாக்டர். நான் காபியில பொடிச்சுப் போட்டுக் கொடுக்கறேன்."

ஸ்டூலின் மேல் வைத்த காலை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் மோட்டார்க்காரர் நின்றார்.

"காபியிலயா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"உங்க கால் வீங்கி நான் கெஞ்சினேனே, அதுக்கு மறுநாள்லேருந்து."

டாக்டரம்மா அதற்குள் நர்ஸிடம் திரும்பி ஊசி மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போது போக வேண்டாம், நீரை இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்றாள். வெளியே போகிறபோது டீச்சரின் தோளைத் தொட்டு, "தெரியாம மருந்து கொடுக்கறது தப்பும்மா. அதை இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். திட்டா பாராட்டா என்று டீச்சருக்கு விளங்கவில்லை.

வராந்தா பெஞ்சில் மோட்டார்க்காரர் அவளுக்கு ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்தார்.

"ஊர் சிரிக்க வெச்சுட்டியே டீச்சர்."

டீச்சருக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. "சிரிக்கட்டும். உள்ள ஒரு மனுஷர் மூச்சுக்குத் தவிக்கிறார், உங்களுக்கு ஊர் சிரிக்கிறதுதான் பெருசா இருக்கு. உங்க காலு நல்லா இருக்கறதைப் பாத்துத்தான் அவர் நம்பினார். அந்தக் காலை நல்லா வெச்சது நான். நேத்து அவர் காலைக் கண்ணால பாத்தும் வாயை மூடிட்டு வந்தேன். இந்தப் பாவத்துல உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. இதுல நீங்க என்கிட்ட கோவிச்சுக்க ஒண்ணுமே இல்ல."

சாதாரணமாக ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு வைத்திருப்பவர் அவர். இப்போது எழுந்து போய், உள்ளே விடுகிறார்களா என்று கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகைப் பார்க்க டீச்சருக்கு முதன்முறையாக அவர் வயசானவராகத் தெரிந்தார்.

மறுநாள் தையற்காரருக்கு மாஸ்க்கை எடுத்திருந்தார்கள். நீர் இறங்கி முகம் சின்னதாகியிருந்தது. மோட்டார்க்காரர் கட்டில் பக்கத்தில் நின்று, எதையோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து நிறுத்தினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாத திருகு. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

"விடு" என்றார் தையற்காரர். "நீ வேணும்னா சொன்னே? நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னே."

"நான் ஒரு முட்டாள்டா."

"அது எனக்குச் சின்ன வயசுலேருந்தே தெரியும்." தையற்காரர் சிரிக்கப் பார்த்து இருமினார். டீச்சர் தலையணையைச் சரி செய்தாள். இருமல் நின்றதும் அவர் அவளைப் பார்த்துவிட்டு, நண்பனிடம் நிதானமாகச் சொன்னார்:

"உனக்கு வீட்டுல ஏமாத்தவாவது ஒருத்தி இருக்கா. எனக்கு நம்பறதுக்கு நீ ஒருத்தன்தான் இருந்தே."

மோட்டார்க்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தையற்காரர் குற்றம் சொல்லவில்லை. துணியைப் பார்த்து இது இவ்வளவுதான் வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதனால்தான் அது அவரை அப்படித் தைத்தது.

அப்போது டாக்டரம்மா சுற்றுக்கு வந்தாள். தையற்காரரின் காலை அழுத்திப் பார்த்தாள், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள், இன்னும் சில நாள் இருக்க வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போன பிறகு தண்ணீரும் மாத்திரையும் எப்படி என்று அவரிடம் சொல்லத் தொடங்கியவளை மோட்டார்க்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னொரு பாடம் ஆரம்பமாகிறது என்றுதான் டீச்சர் நினைத்தாள்.

"டாக்டரம்மா, இவன் இனிமே எங்க வீட்டுலதான் இருப்பான். பாத்துக்கப்போறது நான்" என்றார் மோட்டார்க்காரர். "எனக்கு ஒண்ணும் புரியலை. முதல்லேருந்து சொல்லுங்க, கேக்கறேன்."